பெரிய அயிட்டத்தின் முப்பத்தோரு பதிவுகள்

ஒரே இசையை முப்பத்தோரு தடவை பதிவு செய்து வைத்திருக்கிறேன் என்றால் முதலில் சிரிப்பார்கள். அடுத்ததாக, டீச்சருக்கு வேறு வேலை இல்லையா என்பார்கள். இருக்கிறது. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். வீட்டில் சமைக்கிறேன். ஞாயிறு காலை ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். இதெல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் என் காதில் என்ன விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்க நான் கமிட்டி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

முதலில் அந்தக் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள், ஐந்து பேர். வயலின், தவில், கீபோர்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ். பாடகர் கிடையாது. நோட்டீசில் ஃபியூஷன் என்று அச்சடித்திருப்பார்கள். அம்மன் கோவில் கொடை, குருசடி என்கிற சிலுவைக் கோவில் திருவிழா, கலைமன்ற ஆண்டுவிழா என்று யார் கூப்பிட்டாலும் போய் வாசிப்பார்கள். முதல் ஒரு மணி நேரம் சினிமாப் பாட்டு. அது ஊருக்காக. கடைசியில் ஒன்று வாசிப்பார்கள், அது அவர்களுக்காக. அதற்குப் பெயர் இல்லை. வயலின்காரர் மைக்கில் அதற்கு ஒரு பெயர் சொல்லி நான் கேட்டதே இல்லை. கூட்டத்தில் பின்னாலிருந்து யாராவது "பெரிய அயிட்டம்" என்று குரல் கொடுப்பார்கள். அதுவே பெயராகிவிட்டது.

பெரிய அயிட்டம் சில நாள் இருபது நிமிடத்தில் முடியும். சில நாள் ஐம்பது நிமிடம் போகும். வயலின் தனியாகத் தொடங்கும். மற்ற நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தவில்காரர் எப்போது உள்ளே வருவார் என்பது வயலின்காரருக்குக்கூடத் தெரியாது. சைகை கிடையாது, கணக்கும் கிடையாது. அவருக்குத் தோன்றும்போது வருவார். அவர் வந்த பிறகு மற்ற மூவரும் சேர்ந்துகொள்வார்கள். தவில் எந்த இடத்தில் நுழைகிறது, எப்படி நுழைகிறது என்பதைப் பொறுத்து மிச்சம் முழுவதும் வேறாகிவிடும். இதுதான் விஷயம். இதற்காகத்தான் முப்பத்தோரு பதிவுகள்.

எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் என் கணவர். 2004இல் கல்யாணம். அவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். நாற்பது நாள் லீவில் வந்து பெண் பார்த்து, கல்யாணமும் முடித்து, திரும்பவும் போக வேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டாம் நாள் முட்டத்துத் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப் போனார். புதுப் பெண்டாட்டியோடு கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து பேசப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். மேடைக்கு முன்னால் மணலில் உட்கார வைத்துவிட்டு நாற்பது நிமிடம் வாயைத் திறக்கவில்லை. ஊமையைக் கட்டிக்கொண்டோமோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பதினோராவது நிமிடத்தில் தவில் நுழைந்தபோது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வளையல் ஒன்று உடைந்தது. அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு முட்டத்தில் பதிவு செய்ததையும் சேர்த்து அவரிடம் அப்போதே ஏழு கேசட்டுகள் இருந்தன. பயணத்துக்கு முந்தின நாள் அதில் மூன்றை எனக்குப் போட்டுக் காட்டினார். மூன்றும் பெரிய அயிட்டம்தான். என்ன வித்தியாசம் தெரிகிறது என்று கேட்டார். மூன்றும் ஒன்றுதானே என்றேன். விடைத்தாளைத் திருத்திக் கொடுக்கும்போது நான் சில பிள்ளைகளை எப்படிப் பார்ப்பேனோ, அப்படி என்னைப் பார்த்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் போன பிறகு அந்த ஏழு கேசட்டையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். மூன்று மாதம் கழித்து, போனில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இடையில் வெட்டி, இரண்டாவது கேசட்டில் தவில்காரர் கம்பை மட்டும் வைத்துத் தொடங்குகிறார், ஐந்தாவதில் இரண்டு கையும் சேர்ந்து விழுகிறது, அதனால்தான் டிரம்ஸ்காரர் ஐந்தாவதில் தடுமாறுகிறார் என்று சொன்னேன். ஐந்தாவதை இன்னொரு முறை போனில் போட்டுக் காட்டச் சொன்னார். பிறகு, இனி நீதான் எனக்காகப் பதிவு செய்ய வேண்டும் என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. ஒரு டேப் ரெக்கார்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு திருவிழாக்களுக்குப் போனேன். பதிவானதை லீவு முடிந்து வளைகுடா திரும்புகிறவர்கள் கையில் அவருக்குக் கொடுத்தனுப்புவேன். தனியாகப் போகக் கூடாது என்று மாமி கூட வருவார். கணவரின் அம்மா அவர். இசையில் எந்த ஆர்வமும் இல்லை, வறுத்த கடலையில் உண்டு. என்னுடைய முதல் ஆறு பதிவுகளிலும் வயலின் மிக மெல்லியதாகப் போகும் இடத்தில் கடலை உடையும் சத்தம் கேட்கும். ஏழாவது பதிவிலிருந்து நான் மாமிக்கு அவித்த கடலை வாங்கிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கணவருக்கு விடுமுறை. மதியம் போன் வரும். மற்ற வீடுகளில் வெளிநாட்டுப் போன் வந்தால் என்ன சாப்பிட்டாய், மழை பெய்ததா, அம்மாவுக்குக் கால்வலி எப்படி என்று போகும். எங்கள் வீட்டில் அது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் சண்டை. அவருக்கு முட்டத்துப் பதிவுதான் உயிர். கடல் காற்று மைக்கில் அடித்து பாதி நேரம் இரைச்சலாக இருக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவில் வயலின் போராடிப் போராடி மேலே வருகிறது, அதுதான் அழகு என்பார். நான் திற்பரப்புக் கட்சி. திற்பரப்பில் தவில் உள்ளே வந்து, நான்கே அடி அடித்துவிட்டு, வேண்டாம் என்று நிறுத்திக்கொள்ளும். மூன்று நிமிடம் கழித்து மறுபடியும் வரும். ஒரு வாசிப்புக்காரன் கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு தன் தப்பை ஒப்புக்கொண்டு திரும்பிப் போவதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. தோவாளையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடுவதற்குள் மைக் இல்லாமலே தவில்காரர் அடித்துக்கொண்டிருந்தார். பதிவில் அது எங்கேயோ தூரத்துத் தெருவிலிருந்து வருவதுபோல் இருக்கும். அதைக் குறை என்று கணவர் சொல்வார், நான் இல்லை என்பேன். கல்யாணமாகி முதல் நான்கு வருடத்தில் நாங்கள் ஒன்றாக இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று மாதம் வராது. ஆனாலும் அவருக்கு எது பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், எங்கே வாயை மூடிக்கொள்வார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எல்லாம் அந்த வெள்ளிக்கிழமைகளில் கற்றதுதான்.

ஊருக்கு இது பிடிக்கவில்லை. முக்கியமாகப் பெரியத்தானுக்குப் பிடிக்கவில்லை. கணவரின் அண்ணனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். மாமனார் சீக்கிரமே இறந்துபோனதால் தம்பியை வளர்த்தவர் அவர்தான். சபைக் கமிட்டியில் இருந்தார், ஊர்க் கலைமன்றத்துக்குத் தலைவராகவும் இருந்தார். கோவில் திருவிழாக்களுக்கு நம் வீட்டுப் பெண் போவது சரியில்லை என்று மாமியிடம் சொன்னார். மாமி அதை அப்படியே என்னிடம் சொன்னார். அதே குழு போன மாதம் நம் சபையின் அசன விருந்துக்கு வாசித்ததே, அன்றைக்கு வயலின் ஞானஸ்நானம் எடுத்துவிட்டு வந்ததா என்று நான் கேட்டேன். மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த திருவிழாவுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

பிறகு கணவர் ஒரு சின்ன டிஜிட்டல் ரெக்கார்டர் அனுப்பினார். லீவில் வந்த ஒருவர் கையில் சோப்புக்கும் பால்பொடிக்கும் நடுவில் வைத்துக் கொடுத்துவிட்டிருந்தார். அதோடுதான் மைக் செட்டுக்காரர் பழக்கமானார். அந்தக் குழு எங்கே போனாலும் பெரும்பாலும் அவருடைய மைக் செட்தான். வயது ஐம்பதுக்கு மேல். ஸ்பீக்கர் பக்கத்திலேயே வாழ்ந்து இடது காது கேட்காமல் போனவர். அதனால் காதை நம்பாமல், மிக்சரில் ஏறி இறங்கும் சிவப்பு விளக்குகளைப் பார்த்தே வேலை செய்வார். நான் கூட்டத்துக்குள் ரெக்கார்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பாவப்பட்டு, ஒருநாள் கூப்பிட்டு, மிக்சரிலிருந்து ஒரு வயரை எடுத்து என் ரெக்கார்டரில் செருகினார். "டீச்சர், இனி கடல சத்தம் வராது" என்றார்.

வந்தது வேறு உலகம். கூட்டம் இல்லை, காற்று இல்லை, வயலின் கம்பியில் வில்லின் முடி உரசுவது கேட்டது. தவில்காரர் நுழைவதற்கு முன் மூச்சை இழுப்பது கேட்டது. நான் அன்றிலிருந்து மிக்சருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன். கணவருக்கு அந்தப் பதிவு பிடிக்கவில்லை, ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றார். அதற்கு இரண்டு வெள்ளிக்கிழமை சண்டை போட்டோம். சந்தோஷமான சண்டை.

2009 சித்திரையில் எங்கள் ஊர்க் கலைமன்ற ஆண்டுவிழாவுக்கு அந்தக் குழு வந்தது. பெரியத்தான் தலைவர், எனவே மேடைக்குப் பக்கத்தில் கமிட்டி மேசையும் அறிவிப்பு மைக்கும் அவர் வசம். நன்கொடை தந்தவர்களின் பெயர், வழியில் நிற்கும் பைக்கின் நம்பர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு மைக்கை மேசையில் படுக்க வைத்தார். நான் வழக்கம்போல மிக்சர் பக்கத்தில் இருந்தேன். பெரிய அயிட்டம் தொடங்கியது. அன்றைக்கு வயலின்காரருக்கு என்ன ஆயிற்றோ, ஏறவே இல்லை. இறங்கிக்கொண்டே போனார். கடைசியில் ஒரே ஒரு சுரம், அதுவும் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு. ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பிள்ளைகூட அழவில்லை. அந்த இடத்தில் தவில்காரர் கம்பை எடுக்காமல், விரல் நுனியால் தோலைத் தொட்டுத் தொடங்கினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முட்டமும் திற்பரப்பும் தோற்றன என்று அப்போதே முடிவு கட்டினேன்.

மறுநாள் விடுமுறை. காலையில் வேலைகளை முடித்துவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினான்காவது நிமிடம். வயலின் அந்த ஒற்றைச் சுரத்துக்கு வந்தது. அதன் மேல் ஒரு ஆண் குரல் பேசியது. தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல.

"ரெக்கார்டாம் ரெக்கார்டு. மாப்பிள வெளிநாட்டுல கெடந்து கஷ்டப்படுதான். இவ ஊரு ஊரா மைக் செட்டுக்காரன் பக்கத்துல போய் இருக்கா. எனக்க தம்பிகிட்ட போன்ல சொல்லிட்டேன், இனி எங்கயும் விடாண்டாம்னு. அவனும் செரின்னுட்டான்."

பெரியத்தானின் குரல். எப்படி வந்தது என்பது சாயங்காலம் மைக் செட்டுக்காரரிடம் பொதுவாகக் கேட்டபோது புரிந்தது. அறிவிப்பு மைக்கின் சத்தம் ஸ்பீக்கருக்குப் போவதைத்தான் அவர் குறைத்து வைத்திருந்தார். எனக்குத் தந்த வயர் அதற்கு முன்னாலேயே பிரிந்து வருகிறது. மைக்கை மேசையில் படுக்கவைத்தால் அது தூங்கிவிடும் என்று நினைக்கிற தலைவர்கள் எங்கள் பக்கம் எல்லாக் கமிட்டியிலும் உண்டு. மைதானத்தில் யாருக்கும் கேட்கவில்லை. என் ரெக்கார்டருக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

மைக் செட்டுக்காரரைப் பற்றிச் சொன்னது எனக்கு வலிக்கவில்லை என்றால் பொய். ஆனால் என்னைச் சாய்த்தது அது இல்லை, கடைசி வாக்கியம். அவனும் செரின்னுட்டான். அப்படியானால் அவருக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமையும் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையும், தவில் எங்கே நுழைந்தது என்று என்னிடம் சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டுக்கொண்டே, உள்ளுக்குள் இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

வெட்டிவிடலாம். தக்கலையில் நான் சிடி போடும் பிரவுசிங் சென்டரில் கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடித்துத் தருவார்கள். வெட்டவில்லை. முழுவதையும் இரண்டு சிடியில் ஏற்றி, ஒன்றைப் பீரோவில் வைத்துவிட்டு, மற்றதை லீவு முடிந்து போகும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். துண்டுச் சீட்டில், முட்டத்தோடு ஒப்பிட்டுச் சொல்லவும் என்று மட்டும் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து, சிடி கைக்குக் கிடைத்த பிறகான வெள்ளிக்கிழமைப் போன் வந்தது. வழக்கம்போல ஆரம்பிக்கவில்லை. கேட்டேன் என்றார். எப்படி இருக்கிறது என்றேன்.

"நீங்க செரின்னு சொன்னீங்களா?"

அண்ணன் பேசிக்கொண்டே போனார், போனை வைப்பதற்காகச் சொன்னேன் என்றார். அண்ணன் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் நம்பவில்லை, நம்பாததால்தான் உன்னிடம் சொல்லவில்லை என்றார். நம்பாதவர் அண்ணனிடம் நம்பவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அண்ணன் முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியாததா என்று கேட்டார். தெரியும். தெரிந்ததால்தான் கேட்டேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, அந்த எடத்த மட்டும் வெட்டிரு. நல்ல அயிட்டம் கெட்டுப்போச்சு" என்றார்.

"வெட்ட மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த மூன்று வெள்ளிக்கிழமையும் போன் அடித்தது, நான் எடுக்கவில்லை. மாமி எடுத்துத் தன்னுடைய கால்வலியைப் பற்றிப் பேசினார். நான்காவது வாரம் எடுத்தேன். ஆனால் பெரிய அயிட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. என்ன சாப்பிட்டீர்கள், அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன். மற்ற வீட்டுப் போன் மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு அதுதான் பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான்.

திருவிழாக்களை விடவில்லை. அந்த எட்டு மாதத்தில் நான்கு இடங்களுக்குப் போனேன். மிக்சருக்குப் பக்கத்தில் அதே நாற்காலி. முன்பு சாதாரணப் புடவையில் போவேன், இப்போது இருப்பதிலேயே பளபளப்பானதைக் கட்டிக்கொண்டு போனேன். பார்க்கிறவர்களுக்குக் கண்ணுக்குச் சிரமம் இருக்கக் கூடாதல்லவா. பெரியத்தான் ஒருநாள் வீட்டுக்கு வந்து மாமியிடம், தம்பி சொன்ன பிறகும் இவள் கேட்கவில்லையா என்று சத்தமாகக் கேட்டார். நான் சமையலறையிலிருந்து வெளியே வந்து, எனக்கு அவர் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் அவருக்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். பெரியத்தான் டீ குடிக்காமல் போனார்.

பீரோவில் இருந்த சிடியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. குலசேகரத்தில் ஒரு லைன்மேன் என்னோடு பதிவுகளை மாற்றிக்கொள்வார். கலைமன்ற விழாவில் அவரும் இருந்தவர். அந்த ஒரு வாசிப்பைத் தாருங்கள், என்னிடம் இருக்கும் எல்லாவற்றையும் தருகிறேன் என்று கெஞ்சினார். முடியாது என்றேன். ஊருக்குப் போட்டுக் காட்டிப் பெரியத்தான் மானத்தை வாங்குவது என் நோக்கமாக இருக்கவில்லை. ஒரே ஒருவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்கிறவரை அது என் பீரோவில் இருக்கும்.

டிசம்பரில் அவர் லீவில் வந்தார். விமான நிலையத்திலிருந்து வீடு வரை காரில் மாமியின் கால்வலி எங்களோடு வந்தது. முதல் பத்து நாள் இருவரும் அதைத் தொடவில்லை. அவர் எனக்கு ஒரு நல்ல சிடி பிளேயரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி வந்திருந்தார். அதை ஹாலில் மாட்டி, வேறு ஏதேதோ போட்டுச் சோதித்தார். பீரோப் பக்கம் போகவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பெரியத்தான், அவர் மனைவி, பிள்ளைகள், மாமி. இறைச்சியும் பப்படமும் பரிமாறிக்கொண்டிருந்தேன். பெரியத்தான் நல்ல மனநிலையில் இருந்தார். புது ஸ்பீக்கரைப் பார்த்ததும் பேச்சு கலைமன்றத்துக்குப் போனது. தான் தலைவராக இருந்து நடத்திய விழாவில் அந்தக் குழு வாசித்ததுபோல் எந்த ஊரிலும் வாசித்ததில்லை, உன்னுடைய முட்டமெல்லாம் அதற்கு முன்னால் நிற்காது என்று தம்பியிடம் சொன்னார். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, கேட்டேன் என்று மட்டும் சொன்னார். உடனே பெரியத்தான் என் பக்கம் திரும்பி, நீதான் ரெக்கார்டு செய்தாயே, அதைப் போடு, பிள்ளைகளும் கேட்கட்டும் என்றார். அன்றைக்குக் கமிட்டி மேசையில் என்ன பேசினோம் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. பேசியது பெரிய விஷயமாகத் தோன்றியிருந்தால்தானே ஞாபகம் இருக்கும்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். போடாமல் இருந்திருக்கலாம், கிறிஸ்துமஸ் அன்று வேண்டாம் என்று பின்னால் சிலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். போடச் சொன்னது நான் இல்லை. கையைக் கழுவிவிட்டுப் பீரோவைத் திறந்து சிடியை எடுத்துப் போட்டேன். பிறகு என் தட்டில் சோறு போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.

புது ஸ்பீக்கரில் அது அபாரமாக இருந்தது. பெரியத்தான் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார். பன்னிரண்டாவது நிமிடத்தில் நிறுத்திவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது, நிறுத்தவில்லை. வயலின் இறங்கி இறங்கி அந்த ஒற்றைச் சுரத்துக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் தாமாகவே அமைதியானார்கள். அந்த அமைதிக்குள் பெரியத்தான் பேசினார், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை.

மாமி கையிலிருந்த பப்படத்தைக் கீழே வைத்தார். "அது உனக்க சத்தமாக்கும்" என்று மூத்த மகனிடம் சொன்னார். பெரியத்தானின் மனைவி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெரியத்தான் முகம் சிவந்துபோய், "அத நிறுத்து" என்றார். என்னிடம்தான் சொன்னார். நான் நகரவில்லை.

கணவர் எழுந்தார். அவர் நிறுத்தத்தான் போகிறார் என்று நினைத்தேன். எட்டு மாதமாகச் செய்ததைத்தான் இப்போதும் செய்யப் போகிறார், இனிமேல் இந்த மனிதரோடு வெயிலையும் மழையையும் பற்றிப் பேசிக்கொண்டே ஆயுசைக் கழிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். வலது கையெல்லாம் குழம்பு. இடது கையால் பட்டனை அழுத்தினார். வயலின் நின்றது. பின்னால் ஓடியது. மறுபடியும் பதின்மூன்றாவது நிமிடத்திலிருந்து தொடங்கியது.

"செரியா கேக்கல அண்ணே" என்றார். "இன்னொரு தடவ கேப்போம்."

குரல் மறுபடியும் வந்தது. ஊர் ஊராகப் போனதும் மைக் செட்டுக்காரன் பக்கத்தில் இருந்ததும் வந்தன. அவனும் செரின்னுட்டான் என்பதும் வந்தது. அவர் அண்ணனுக்கு நேராகத் திரும்பி நின்றார்.

"அந்தச் செரி நான் சொன்னது. பயந்து சொன்னேன். அத இப்ப திருப்பி எடுக்கேன். அவ எங்க வேணும்னாலும் போவா."

தவில் நுழைந்தது. பெரியத்தான் கை கழுவ எழுந்து போனார், திரும்பி வந்து உட்காரவில்லை. கணவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். எட்டு மாதத்தையும் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலேயே மன்னித்துவிட எனக்கு மனம் வரவில்லை. எழுந்து போய் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். பிறகு திரும்பி வந்து, ஆறிப்போயிருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.